நெலிதா குடித்த அரை டம்ளர்

ஒரு வாய் குடித்தாலே தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார் நெலிதா யாராங்கா. ஆற்று நீரென்றால் குளோரின் வாடை முந்திக்கொண்டு வரும். லாரிக்காரர்கள் கிணற்றிலிருந்து இறைத்ததென்றால் நாக்கோரத்தில் கரிக்கும். ‘இவங்க இருக்கும்போது சோதனைச்சாலை எதுக்கு’ என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள்.

மழை என்று ஒன்று இல்லாத லீமாவில் முப்பத்தொரு வருடம் குடிநீர் இஞ்சினியர். அதில் கடைசி ஆறு வருடமும் பம்பா ஓந்தா குன்றுக்கே போயிற்று. அங்கே குடிசைக்கு ஒரு நீல ட்ரம். வாரம் ஒருமுறை லாரி வந்தால் உண்டு. நெலிதா வரைபடம் போட்டார். ஞாயிறுதோறும் குன்றுக்காரர்கள் கூடி, சம்பளமில்லாமல் பாறையை உடைத்துக் குழாய் பதித்தார்கள். குன்றின் உச்சியில் தொட்டி, மறுபக்க அடிவாரத்தில் பம்ப் அறை. ஆற்று நீர் மேலே ஏறிவிட்டால் அன்றைக்கே ஓய்வு எழுதிக்கொடுப்பது என்று நினைத்திருந்தார்.

திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் முன் மகளின் பிறந்தநாள். விருந்துக்கு வந்த உபால்தோ, கோழிக்கறித் தட்டை ஒதுக்கிவிட்டு ஒரு தாளை நீட்டினான். கல்லூரித் தோழன், ஞானஸ்நானத்தில் மகளைக் கையேந்திய ஞானத்தகப்பன், இப்போது அதே அலுவலகத்தில் பணிகள் பிரிவின் தலைவன். பம்ப் ஓட்டிப் பார்த்தாயிற்று, கையெழுத்துதான் பாக்கி என்றான். கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போட்டவரில்லை நெலிதா. ஆனால் ஞானத்தகப்பனிடம் ‘நேரில் பார்த்துவிட்டுப் போடுகிறேன்’ என்று சொன்னால் அது அவன் முகத்தில் அறைந்ததுபோல. போட்டுக் கொடுத்தார். அந்த மடத்தனத்துக்காக அவர் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

திறப்பு விழா சனிக்கிழமை உச்சிப்பொழுதில். அந்த ஊர் வழக்கப்படி பாட்டிலை உடைத்துப் பணியைத் தொடங்கிவைக்கும் ஞானத்தாய் நெலிதாதான். ரிப்பன் கட்டிய பாட்டில் குழாயில் தொங்கியது. அதை உடைக்கச் சுத்தியல் கையில். முன்வரிசையில் குன்றின் தலைவி செனோபியா. ‘இனி ட்ரம் வேண்டாம்’ என்று நெலிதா சொன்னதை நம்பி, எல்லா ட்ரம்மையும் பாதியாக வெட்டி, மண் நிரப்பி, ஜெரேனியம் பூச்செடி நட்டு வழிநெடுக வைத்திருந்தார்கள்.

குழாயைத் திறந்ததும் கைதட்டல். முதல் டம்ளரை நெலிதாவிடம் கொடுத்தார்கள். பாதி குடித்தார். கரித்தது.

அவர் உபால்தோவைப் பார்த்தார். அவன் தன் ஷூவைப் பார்த்தான். விடியலில் மறுபக்கமாக லாரி ஏறி வந்து தொட்டியை நிரப்பியிருக்கிறது.

“பம்ப் எங்க?” என்றார் மெதுவாக.

“தொழிற்பேட்டைக்குப் போயிடுச்சு. மேலிடத்து உத்தரவு. இங்க அடுத்த வருஷம் வரும். இன்னைக்கு ஒரு நாள் சிரிச்சிட்டுப் போயேன், நெலிதா.”

“எங்கிட்ட ஏன் கையெழுத்து வாங்கின?”

“உன் கையெழுத்து இருந்தா எவனும் கேள்வி கேக்க மாட்டான்.”

முப்பத்தைந்து வருடப் பழக்கத்தை இவன் இதற்காகவா வளர்த்தான்? நெலிதா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “இது லாரித் தண்ணி. கீழ பம்ப்பே இல்ல. உங்கள ஏமாத்துறாங்க.”

உபால்தோ பதறவில்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, பம்ப் ஓடுவதாகச் சான்று தந்தவர் இந்த அம்மாதான் என்று ஒலிபெருக்கியில் நிதானமாக வாசித்தான். வாசித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டான்.

செனோபியா அருகில் வந்தாள். “இஞ்சினியரம்மா, அது உங்க கையெழுத்தா?”

“ஆமா.”

“பாக்காமலா போட்டீங்க?”

“என் பொண்ணுக்கு ஞானத்தகப்பன் அவன். நம்பிப் போட்டேன்.”

செனோபியா வழிநெடுக நின்ற பூக்களைப் பார்த்தாள். “நாங்களும் பாக்காமதான் ட்ரம்ம வெட்டினோம்” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் நெலிதாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தொட்டியில் இருந்தது ஒரு லாரித் தண்ணீர். அது தீர்வதற்குள் பிடித்தாக வேண்டும். பெண்கள் ஜெரேனியங்களைப் பிடுங்கிப் போட்டு, வெட்டிய ட்ரம்களில் இருந்த மண்ணைக் கொட்டத் தொடங்கினார்கள். நெலிதாவும் மண்டியிட்டு ஒரு ட்ரம்மில் கைவைத்தார். செனோபியா அதை அவர் கையிலிருந்து இழுத்துக்கொண்டு குழாயடி வரிசைக்குப் போனாள்.