ஒரு நிமிசம், கஸ்டமர்

இணையத்தில் ஒரு விளையாட்டுக் கூட்டத்துக்கு நான் ஆறு வருடம் தலைவியாக இருந்தேன். இதை வெளியே சொன்னால் யாரும் நம்புவதில்லை. கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. இது தேறும், இது தேறாது என்று நாளெல்லாம் பிரித்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, விளாங்குடி வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் நான் நாற்பது பேருக்குத் தலைவி.

"அந்த நாப்பது பேரும் வேல வெட்டி இல்லாதவங்களாடி?" என்று அம்மா கேட்பார்.

இல்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது. அதுதான் பிரச்சினையே.

விளையாட்டு ஒன்றும் சிக்கலானதில்லை. ஒரு கற்பனை நாடு. அதில் ஆளுக்கொரு வேடம்: வீரன், வில்லாளி, மந்திரவாதி. எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, ஹெட்செட்டில் பேசிக்கொண்டே சேர்ந்து போய்ப் பெரிய மிருகங்களை வீழ்த்த வேண்டும். ஒரு சண்டைக்கு இருபது பேர். ஒருவர் மிருகத்தின் முன்னால் நின்று அடி வாங்க வேண்டும். ஒருவர் பின்னால் நின்று எல்லோருடைய காயத்தையும் ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; அவரை ஹீலர் என்போம். மீதிப் பதினெட்டுப் பேர் அடித்தால் போதும். அடிக்க எப்போதும் ஆள் கிடைக்கும். அடி வாங்கவும் ஆற்றவும்தான் கிடைக்காது.

தலைவி என்றால் வாளைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவது என்று நினைத்துத்தான் பொறுப்பை ஏற்றேன். ஓடியது ஒரு மாதம். அப்புறம் முழுக்கப் பஞ்சாயத்துதான். அந்த மந்திரக்கோலை அவருக்கு ஏன் கொடுத்தீர்கள்? அவர் என்னை 'டேய்' என்று கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டதா இல்லையா? அந்தம்மா வந்தால் நான் வர மாட்டேன், ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள். தொழிற்சாலைப் பழக்கத்தில் நான் பதினொரு பக்கத்துக்கு விதிகள் எழுதினேன். வருகைப் பதிவேடு வைத்தேன். வராதவர் காரணம் எழுத வேண்டும். ஒருவர் 'மாப்பிள்ளை அழைப்பு' என்று எழுதியிருந்தார். யாருக்கு என்று கேட்டேன். "எனக்குத்தாங்க்கா" என்றார்.

முன்னால் நின்று அடி வாங்கியவர் செல்லூரில் விசைத்தறி வைத்திருந்த ஓர் அண்ணன். அவர் வாயைத் திறந்தால் பின்னால் நாலு தறியும் சேர்ந்து பேசும். தறிச் சத்தத்தில் கத்திப் பேசியே பழகியவர் என்பதால், தறி ஓடாத நாளிலும் அதே சத்தம்தான். என்னைத் 'தலைவரே' என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஹீலராக இருந்தவரை எல்லோரும் பாய் என்போம். தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மேட்சிங் சென்டர் வைத்திருந்தார். சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதே நிறத்தில் ரவிக்கைத் துணி எடுத்துத் தரும் கடை. கல்லா மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஆள் வராத நேரத்தில் விளையாடுவார். இருபது பேரில் யாருடைய உயிர் குறைகிறது என்பது எங்களுக்குத் திரையில் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும். அப்படி ஒரு ஹீலர் எங்களுக்கு வாய்த்தது பெரிய விஷயம். ஆனால் மதுரையில் முகூர்த்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் பெண்கள் கடைத்தெருவுக்கு வருவார்கள்.

"ஒரு நிமிசம், கஸ்டமர்" என்பார் பாய். நாங்கள் ஒவ்வொருவராகச் செத்து விழுவோம். மைக்கை அணைக்க மறந்துவிடுவார் என்பதால், தரையில் கிடந்தபடியே கடையில் நடப்பதெல்லாம் எங்களுக்குக் கேட்கும். சிம்மக்கல்லிலிருந்து வந்த ஓர் அம்மா தன் மருமகளுக்கு எந்த நிறமும் எடுக்காது என்று சொன்னதையும், அந்த மருமகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததையும் நாங்கள் இருபது பேரும் அறிவோம்.

மலைக்குகையில் ஒரு மிருகம் இருந்தது. சிங்க முகம், பாம்பு உடம்பு, வாயில் நெருப்பு. ஏழு வாரம் அதனிடம் தோற்றோம். எட்டாவது வாரம் அதன் உயிர் நூலளவுக்கு வந்துவிட்டது. இன்னும் பத்து விநாடி. அப்போது பாய், "வாங்கம்மா, மயில் கழுத்துக் கலரா? மேல் தட்டுல இருக்கு, ஏணி போட்டு எடுக்கணும்" என்றார்.

அவர் ஏணியில் ஏறி இறங்குவதற்குள் இருபது பேரும் சாம்பல்.

அன்று எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சண்டையின் நடுவே மூன்று முறை இடத்தை விட்டு எழுந்தவர் கூட்டத்திலிருந்து நீக்கப்படுவார் என்று நானே எழுதிய விதி ஒன்று ஏழாம் பக்கத்தில் இருந்தது. பாய்க்கு அது முப்பதாவது முறையாக இருக்கும். நீக்கினேன். நீக்கிவிட்டுக் காரணத்தையும் விதி எண்ணோடு எழுதி அனுப்பினேன்.

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன்; பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் எழுதியது இவ்வளவுதான்: "சரி தங்கச்சி. நீங்க சொல்றது நியாயந்தான். எல்லாரும் நல்லா விளையாடுங்க." கூடவே ஒரு ரோஜாப் பூ படம். அந்த ரோஜாப் பூ என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

அடுத்த ஞாயிறு ஹீலர் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எவ்வளவு கஷ்டமாக இருந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. மூன்று நிமிடத்தில் எல்லோரும் செத்தோம். இரண்டாவது முறை இரண்டு நிமிடத்தில்.

"பாய் இருந்தப்ப இருபத்தஞ்சு நிமிசம் கழிச்சுச் செத்தோம்" என்றார் செல்லூர் அண்ணன். "சாகுறதுலயும் ஒரு மரியாத வேணும்ல தலைவரே."

யாரோ சிரித்தார். பிறகு, நான் எதைச் சொன்னாலும் எவராவது ஒருவர் "ஒரு நிமிசம், கஸ்டமர்" என்று சொல்லிவிட்டு மைக்கை அணைப்பது வழக்கமாகிவிட்டது. விதிகளில் இதற்கு இடமில்லை என்று எழுதினேன். அதற்கும் அதே பதில் வந்தது.

மூன்றாவது வாரம் செல்லூர் அண்ணன் எனக்கு மட்டும் தனியாக போன் செய்தார். "தலைவரே, நான் ஒண்ணு சொல்லவா? நேர்ல போய்க் கூப்புடுங்க. பாய் மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாரு."

"நான் போனா நல்லா இருக்குமாண்ணே?"

"இப்ப மட்டும் எம்புட்டு நல்லா இருக்காம்?"

முகவரி கேட்க வேண்டிய அவசியம் இல்லை. தொலைபேசியில் அவர் பெண்களுக்கு வழி சொல்வதைக் கேட்டுக் கேட்டு எங்கள் இருபது பேருக்கும் மனப்பாடம்: பாத்திரக்கடைக்கு அடுத்த சந்து, உள்ளே நுழைந்ததும் தையல் மிஷின் ரிப்பேர், அதற்கு எதிரே மாடிப்படிக்குக் கீழே. ஞாயிறு இரண்டரை மணிக்கு ஸ்கூட்டரைப் பாத்திரக்கடை வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன்.

அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. விளையாட்டில் அவர் வெள்ளை அங்கி போட்ட ஆறடி முனிவர். கடையில் இருந்தவர் ஒல்லியாக, என் தோள் உயரத்துக்கு இருந்தார். ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. கழுத்தில் ஒரு ரிப்பனில் கத்தரிக்கோல் தொங்கியது. மூன்று பக்கச் சுவரும் கூரைவரைக்கும் துணி.

"வாங்கம்மா. சேலை கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்ல பாய், நான் வந்து..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், குரலைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அட அல்லாவே! தங்கச்சியா?" என்று எழுந்தவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ சொன்னார். என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "நான் ஒங்களை நல்ல உயரமா, குண்டா, ஒரு ஹெட்மாஸ்டர் மாதிரி நெனச்சிருந்தேன்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டி அதைத் தள்ளிவிட்டார். ஆனால் திரும்பி வருகிறீர்களா என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"கடையில கூட இருந்த ஆளு வெளிநாடு போயிட்டாரு. வீட்ல அவங்க கடைக்குக் காலைல மட்டுந்தான் வர முடியும். நான் வந்தா மறுபடியும் ஒங்களையெல்லாம் சாகடிப்பேன் தங்கச்சி." துணியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இங்க காலைல இருந்து 'இது சேரல பாய், இது சேரல பாய்'னுதான் கேக்குறேன். அங்க யாரும் என்னைய அப்டிச் சொன்னதில்ல. நீங்கதான் மொத ஆளு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். மணி மூன்றாகப் பத்து நிமிடம்.

"நீங்க விளையாடுங்க பாய். கடையை நான் பாத்துக்கிறேன்."

"ஒங்களுக்கு மேட்சிங் பாக்கத் தெரியுமா?"

"நானும் பொம்பளதானே பாய்" என்றேன்.

இதைவிட அபத்தமான பதிலை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. நான் நாளெல்லாம் பார்க்கிற வாஷர்கள் எல்லாமே கறுப்பு.

என் போனிலிருந்தே அவரைக் கூட்டத்தில் திரும்பச் சேர்த்துவிட்டு நான் எழுந்து நின்றேன். அவர் ஹெட்செட்டை மாட்டியதும் அதற்குள்ளிருந்து வந்த கூச்சல் எனக்கே கேட்டது. தறிச் சத்தத்தையும் தாண்டி செல்லூர் அண்ணனின் "பாய் வந்துட்டாருடா!" தனியாகக் கேட்டது. சண்டை தொடங்கியது.

ஐந்து நிமிடம் கடைக்கு யாரும் வரவில்லை. பிறகு ஓர் அம்மா வந்தார், மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று. பையிலிருந்து பட்டுச் சேலையை எடுத்து விரித்தார். எனக்கு அது பழுப்பாகத் தெரிந்தது. பழுப்பில் ஒன்றை எடுத்து வைத்தேன்.

"ஏம்மா, கடைக்குப் புதுசா? இது வெங்காயத்தோல் கலரு. நீ காப்பிக்கொட்டையை எடுத்து வைக்கிற."

இன்னொன்றை எடுத்தேன். அந்தம்மா என் முகத்தைப் பார்த்தார், துணியை அல்ல. பாய் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இடது பக்கம், இடது பக்கம்! மூணாவது தட்டு!" என்று கத்தினார்.

மைக் திறந்துதான் இருந்தது. அங்கே மலைக்குகையில் செல்லூர் அண்ணன் இடது பக்கம் என்றதும் மிருகத்தை இடது பக்கம் திருப்பிவிட்டார். அங்கேதான் வில்லாளிகள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். நெருப்பு நேராக அவர்கள் மேல் போனது.

"மூணாவது தட்டுன்னா எது பாய்? இங்க தட்டு எங்க இருக்கு?" என்று அண்ணன் அலறுவது கேட்டது.

பாயின் விரல்கள் விசைப்பலகையில் ஓடியதை அன்றுதான் நேரில் பார்த்தேன். உதடு எதையோ முணுமுணுத்தது. நெற்றியிலிருந்த கண்ணாடி மூக்குக்கு வந்திருந்தது. ஒருவர் விழப்போகும்போது தூக்குவார், அடுத்தவரைத் தூக்குவார், திரும்ப முதலாமவர். ஒருவரைக்கூட விடவில்லை. நான் மூன்றாவது தட்டை மறந்து அவர் பின்னால் போய் நின்றுவிட்டேன். அந்தம்மாவும் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அடுத்து வந்த இரண்டு பெண்களையும், "சத்தம் போடாதீங்க, என்னமோ முக்கியமா நடக்குது" என்று அவரே நிறுத்திவைத்தார்.

மிருகம் ஒரு முறை நிமிர்ந்தது. பிறகு மலை சரிவது போலச் சரிந்தது. ஹெட்செட்டுக்குள் கூச்சல். பாய் இரண்டு கையையும் மேசையில் வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் ஓரம் ஈரமாக இருந்ததைப் பார்த்தேன்; பார்க்காதது போல இருந்துகொண்டேன்.

"செத்துருச்சா?" என்று கேட்டார் அந்தம்மா.

"செத்துருச்சும்மா" என்றார் பாய்.

"அப்ப என் துணிய எடுத்துக் குடுங்க."

எழுந்து போய் ஒரே இழுப்பில் எடுத்துக் கொடுத்தார். அந்தம்மா அதைச் சந்துக்குக் கொண்டுபோய் வெயிலில் சேலையோடு வைத்துப் பார்த்தார். உள்ளே வந்து, வெட்டச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அன்று மாலை வரை அங்கேயே இருந்தேன். பாய் எனக்கு மெஜந்தாவுக்கும் ராணி கலருக்கும் வித்தியாசம் காட்டினார். காட்டியபோது புரிந்தது. இப்போது கேட்டால் தெரியாது. என்னிடம் வாங்கிப்போன இரண்டு பேரும் மறுநாளே மாற்றிப்போக வந்தார்களாம். "கடைப் பக்கம் எப்ப வேணும்னாலும் வாங்க தங்கச்சி, கவுன்டருக்குள்ள மட்டும் வராதீங்க" என்று சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு வாரமும் போய்க் கடை பார்க்க முடியாதே. பாய்க்குக் கடைத் தொல்லை இல்லாத நேரமாகப் பார்த்து, சண்டையை ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாற்றினேன். செல்லூர் அண்ணன் கொதித்துவிட்டார். "தலைவரே, ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்கு மதுரையில எவனாச்சும் வீட்ல இருப்பானா? கறிக்கடையில நிப்பான்." அது உண்மைதான். கடைசியில் சனிக்கிழமை காலை என்று முடிவானது. அதற்கும் எட்டுப் பேர் முணுமுணுத்தார்கள். ஏன் என்று கேட்கவில்லை.

அதற்கடுத்த வருடம் தலைமையைப் பாயிடம் ஒப்படைத்துவிட்டேன். அவர் வேண்டாம் என்றார். எல்லோரும் கை தூக்கியதும் ஒப்புக்கொண்டார். இப்போது அடிக்கிற பதினெட்டுப் பேரில் நான் ஒருத்தி. போன சனிக்கிழமை கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதால் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். எல்லோரும் குகை வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கினேன்.

"அதுக்கென்ன தங்கச்சி, வந்துட்டீங்கள்ல" என்றார் பாய். "வாங்க, போவோம்."