மூன்றாவது பத்துமணியில் அடித்த போன்

அன்று மாலை மணி 7.10. விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபமாலையில் மூன்றாவது பத்துமணியை, அதாவது மாலையின் மூன்றாவது பத்து மணிகளை, உருட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜெபமாலை முடியும்வரை யாரும் போனைத் தொடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

“திண்டிவனத்துலேர்ந்து பாப்பாவா இருக்கும், எடு” என்றார் கணவர்.

“அவளுக்காகத்தான் வேண்டிக்கினு இருக்கோம். சும்மா இருங்க” என்றேன். மறுபடியும் அடித்து ஓய்ந்தது.

ஜெபம் முடித்துக் கூப்பிட்டால், திண்டிவனத்தில் வேலை பார்க்கும் மகளின் போன் அணைந்திருந்தது. பிறகுதான் தெரிந்தது: வேலை முடிந்து பஸ் ஏறும்போது விழுந்து, கை முறிந்து, தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

இப்போதெல்லாம் ஜெபமாலை மணியில் விரலை வைத்தபடியே போனை எடுத்துவிடுகிறேன்.

அன்று ஒன்பதரைக்கு, பிறகு உதவிக்கு வந்த, கூட வேலை செய்யும் பெண்ணோடு மாவுக்கட்டுடன் வந்து இறங்கினாள். நான் அழுதேன். அவள் கோபப்படவில்லை.

“நீ ஜெபத்துல இருப்பேன்னு தெரியும்மா. அதான் ரெண்டு தடவையோட வுட்டுட்டேன்.”