ஊதிக் காட்டிய மூச்சு

கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் மாலைதோறும் ஒரு சோதனை நடக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு வரும் அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா எதிரே வந்து நிற்பார். "எங்க, ஊதுங்க பாப்போம்." அப்பா சிரித்துக்கொண்டே ஊதுவார். புதினா மிட்டாய் வாசம் வரும். இருமலுக்காக அவர் சட்டைப் பையில் வைத்திருந்த மிட்டாய் அது. அம்மாவுக்கோ அதுவே சந்தேகம். "எத மறைக்க இந்த மிட்டாயி?" எங்களுக்கும் ஆளுக்கொன்று கிடைக்கும். அந்த வாசம் பட்டால் இன்றும் எனக்கு அந்த வாசல் கண்ணில் நிற்கும்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நாற்பது வயதிலேயே அப்பாவுக்கு மூச்சு இளைத்தது. பத்துமலை முருகன் கோயில் படிகளில் பாதியிலேயே உட்கார்ந்து, "நீங்க போங்க, நான் கொரங்க பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பார். பிறகு கண் மஞ்சளாகி வயிறு வீங்கியது. வாசலில் ஊதிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்வார். நுரையீரல் கெட்டால் சிகரெட், ஈரல் கெட்டால் சாராயம். எங்கள் வரிசை வீடுகளில் எல்லோருமே டாக்டர்தான். இரண்டையும் தொட்டதே இல்லை என்று அப்பா சொன்னதை யாரும் நம்பவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள்கூட, "நல்ல மனுஷன், தண்ணிதான் கொன்னுருச்சு" என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்தார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

போன வருடம் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அக்காவுக்கும் அதே இளைப்பு. ஈரலும் கெட்டிருந்தது. நல்லவேளை, அவளைக் குடிகாரி என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. டாக்டர் வேறு காரணம் தேடி ரத்தம் எடுத்தார்.

அம்மாவையும் உட்காரவைத்துத்தான் விளக்கினார். நுரையீரலைக் காக்கும் ஒரு புரதத்தை ஈரல்தான் செய்து அனுப்ப வேண்டும். அக்காவுக்கு அது கோணலாக உருவாகி ஈரலிலேயே தேங்கிவிடுகிறது. தேங்கியது ஈரலைக் கெடுக்கிறது; காவல் இல்லாத நுரையீரலை உடம்பின் சொந்த நொதிகளே அரித்துவிடுகின்றன. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்தால்தான் இவ்வளவு கடுமையாகும்.

"உங்க ஃபாதருக்கும் இதேதான் இருந்திருக்கணும்" என்றார்.

கிள்ளானுக்குத் திரும்பும்போது காரில் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப அவரு குடிக்கவே இல்லியா?"

"இல்லம்மா."

வீட்டுக்கு வந்ததும், அப்பா செருப்பு விடும் இடத்தில் அம்மா நின்றுவிட்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன்.

"மூச்சே இல்லாத மனுஷன போயி, தெனம் தெனம் ஊதச் சொன்னேனே" என்றார்.