பிசினக்காவும் காலியான காரும்

பந்தயக் கார் அணியில் எல்லோரும் அவளைப் பிசினக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆவணங்களில் வேறு பெயர் இருந்தது. புதிதாக வந்த கணக்கர் ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று சொல்லியனுப்பியது அவளேதான். அவள் வேலை, காரின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது. எண்ணெய்க் கம்பெனி, வங்கி, கைக்கடிகாரக் கம்பெனி, ஓட்டுநரின் பெயர், காரின் எண், எல்லாம் அவள் கையால்தான் ஏற வேண்டும்.

அதற்கு முன் பேருந்துகளில் விளம்பரம் ஒட்டிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன், பந்தயம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, அணியின் காரில் வங்கியின் பெயர் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. வங்கிக்காரர் தையதக்கா என்று குதித்தார். மைதான வாசலில் ஒரு பேருந்துக்கு விளம்பரம் ஒட்டிக்கொண்டு ஏணிமேல் நின்றிருந்த இவளை யாரோ இழுத்து வந்தார்கள். சோப்புத் தண்ணீரைத் தெளித்தாள், ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தாள். இருபது நிமிஷத்தில் வங்கி வழவழப்பாகிவிட்டது. முதலாளி அங்கேயே வேலை கொடுத்தார்.

அவள் வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பிறந்ததிலிருந்து நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதவர். "அவ்ளோ வேகமாப் போற வண்டியில நீ ஒட்டறத எவன் படிப்பான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கிடைக்க அவளுக்குப் பத்தொன்பது வருஷம் ஆனது.

அணியில் நடக்கப்போகிற எதுவும் முதலில் முதலாளிக்குத் தெரியும், அடுத்து பிசினக்காவுக்குத் தெரியும். எந்தக் கம்பெனி கழன்றுகொள்ளப் போகிறது, எந்த ஓட்டுநர் வேறு அணிக்குத் தாவப் போகிறார் என்பதெல்லாம் அவளுக்கு வரும் ஸ்டிக்கர் ஆர்டரிலேயே தெரிந்துவிடும். பத்திரிகைக்காரர்கள் அவளைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். வாயில் பிளேடைக் கவ்விக்கொண்டு "ம்ம்" என்பாள். அந்த "ம்ம்"மை வைத்து ஒருவர் அரைப் பக்கம் எழுதியதும் உண்டு.

அப்படிப்பட்டவளுக்கும் அந்த வருஷம் ஒரு விஷயம் தெரியாமல் போனது. அணியில் ஒரே காருக்கு இரண்டு இருக்கைகள் இருந்தன.

பந்தயத்துக்கு முன் காரை எடை போடுவார்கள். குறிப்பிட்ட எடைக்குக் கீழே இருக்கக் கூடாது. மேனேஜர் அதற்கென்று அடியில் ஈயம் வைத்த கனமான இருக்கை ஒன்று செய்து வைத்திருந்தார். எடை போட்டு முடித்ததும் அதைக் கழற்றிவிட்டு, பஞ்சு மாதிரி லேசான இன்னொன்றை மாட்டிவிடுவார்கள். கார் பறக்கும். மூன்று பந்தயம் தொடர்ந்து ஜெயித்தார்கள்.

மூன்றாவது பந்தயத்தன்று காலையில், பார்த்தால் லட்சணமாக இருக்கட்டுமே என்று, இருக்கையின் தலைப்பக்கத்தில் ஓட்டுநரின் பட்டப்பெயரான 'மின்னல்' என்பதை மஞ்சள் எழுத்தில் ஒட்டினாள் பிசினக்கா. அவள் ஒட்டியது கனமான இருக்கையில். மறுநாள் பத்திரிகையில், ஜெயித்த மின்னல் காரிலிருந்து குதித்து இறங்கும் படம் பெரிதாக வந்தது. எடை போட்ட அதிகாரி காபியைக் குடித்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தார். நேற்று எடை போடும்போது இருக்கையில் பார்த்த மஞ்சள் எழுத்து படத்தில் இல்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பட்டறையைச் சோதனை போட்டார்கள். அலமாரிக்குப் பின்னால் ஈய இருக்கை மஞ்சள் எழுத்தோடு இளித்துக்கொண்டிருந்தது. மூன்று வெற்றியும் பறிபோயின. மேனேஜர் நேராகப் பிசினக்காவிடம் வந்தார்.

"யாரும்மா உன்னை அங்க ஒட்டச் சொன்னது?"

"லட்சணமா இருக்கட்டுமேன்னு ஒட்டினேன் சார்."

"ஒட்டினதுதான் ஒட்டின, ரெண்டுலயும் ஒட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"ரெண்டு இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே சார். சொல்லியிருந்தா ரெண்டுலயும் ஜம்முனு ஒட்டியிருப்பேனே!"

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அந்த வாரமே அவருக்கு வேலையும் போனது. முதலாளி தனக்கு எதுவுமே தெரியாது என்று சொன்னார். அவர் மனைவி நம்பினார். மின்னலோ, "நான் சீட்டுல உக்கார்றவன், அதைத் தூக்கிப் பாக்கறவன் இல்ல" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

ஸ்பான்சர்கள் மட்டும் தப்பிக்க விடவில்லை. முதலில் வங்கி விலகியது, அடுத்த நாள் எண்ணெய்க் கம்பெனி, அதற்கடுத்த நாள் கைக்கடிகாரம். பிசினக்கா ஹேர் டிரையரால் சூடு காட்டி ஒவ்வொன்றாக உரித்தாள். தன் கையால் ஒட்டியதைத் தன் கையாலேயே உரிப்பது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. எல்லாம் தன்னால் வந்த வினை என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. "ஏமாத்தினவன் நல்லா சாப்பிடறான், நீ ஏன் பட்டினி கிடக்கற?" என்று வீட்டுக்காரர் கேட்ட பிறகு ஒரு பிடி கூடுதலாகவே சாப்பிட்டாள். கடைசியில் கார் பால் வண்டி மாதிரி வெள்ளை வெளேரென்று நின்றது.

மின்னல் தொலைக்காட்சியில் தோன்றி நெஞ்சில் கை வைத்தார். "கஷ்ட காலத்துல இந்தக் குடும்பத்தை விட்டுட்டு எங்கயும் போக மாட்டேன்." முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் பிசினக்கா நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் தையல்காரி, எல்லா அணி ஓட்டுநர்களுக்கும் பந்தய உடுப்பு தைப்பது அவள்தான். மேசைமேல் எதிரணியின் சிவப்புத் துணி விரிந்து கிடந்தது. பக்கத்தில் அளவுச் சீட்டு, பெயர் இல்லாமல். இடுப்பு முப்பது, இடது தோள் வலது தோளைவிட அரை அங்குலம் இறக்கம். பிசினக்கா அதை ஒருமுறை பார்த்தாள். சிறு வயதில் தோள்பட்டை உடைந்து, கோணலாகவே நடக்கிற ஒரே ஓட்டுநர் மின்னல்தான்.

"அண்ணி, நீங்க எதையும் பாக்கல," என்றாள் நாத்தனார், துணியை இழுத்து மூடியபடி. "வெளிய தெரிஞ்சா நாளைக்கே என் பொழப்பு போயிடும்."

"நான் எதைப் பாத்தேன்? உன் வீட்டுச் சுவருல பல்லி ஓடுது, அதைத்தான் பாத்தேன்."

சொல்லக் கூடாது. சொல்லாமல் இருந்தால், முதலாளி அடுத்த வருஷம் ஓட்டுநர் இல்லாமல் நடுத்தெருவில் நிற்பார். இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டாள். வருஷத்தின் கடைசிப் பந்தயம் வந்தது. காரில் மின்னலின் பெயரை ஒட்ட வேண்டும். வழக்கமான வினைல் ஸ்டிக்கரை எடுக்காமல், கண்காட்சிக்கு ஒருநாள் மட்டும் ஒட்டுகிற லேசான காகிதத்தை எடுத்தாள். நாலு மூலையில் மட்டும் பசை வைத்தாள். முதலாளி பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னம்மா இது, கல்யாணத்துக்குப் போஸ்டர் ஒட்டற மாதிரி? நல்லா அழுத்தி ஒட்டு."

"இருக்கட்டும் சார். கழட்டறதுக்குச் சுலபமா இருக்கும்."

முதலாளி நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சுவரில் பல்லி தேடிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷப் பழக்கம். நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அரை மணி நேரத்தில், ஆறு வருஷமாக அணியில் சோதனை ஓட்டம் மட்டுமே ஓட்டி, பந்தயத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து வந்த பெண் ஓட்டுநர் அங்கே அழைக்கப்பட்டாள். அடுத்த வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவள் பிசினக்காவைக் கட்டிக்கொண்டு, ஏன் என்று தெரியாமலே அழுதாள்.

முதலாளி பின்னாலேயே வந்தார். "வெள்ளையாவா வண்டியை அனுப்பப் போறோம்? அவமானமா இருக்கும்மா."

"சார், வீடு காலியா இருந்தா என்ன பண்ணுவாங்க? போர்டு மாட்டுவாங்கல்ல?"

அவர் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பிசினக்கா எழுத்துகளை வெட்ட ஆரம்பித்திருந்தாள். காரின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு ஏறியது: 'இந்த இடம் வாடகைக்கு.' கீழே அலுவலகத் தொலைபேசி எண். பின்னால், துரத்தி வருகிறவர்கள் படிப்பதற்காக, 'நல்ல காற்றோட்டம்.'

பந்தயத்தில் கார் ஏழாவதாக வந்தது. ஆனால் கேமராக்கள் முதலில் வந்தவனை விட்டுவிட்டு அதையே காட்டின. வர்ணனை செய்தவர்கள் சிரித்ததில் இரண்டு சுற்றுக்கு யார் முன்னால் ஓடுகிறார்கள் என்பதையே சொல்லவில்லை. பதினோராவது சுற்றில், நேர்ப் பாதையில், மின்னலின் பெயர் ஒரு மூலையில் படபடத்தது. அப்புறம் இரண்டு மூலை. அப்புறம் முழுசாகப் பிய்த்துக்கொண்டு, பார்வையாளர் தலைக்கு மேல் காற்றாடி மாதிரி பறந்து போனது.

பந்தயம் முடிந்ததும் பத்திரிகைக்காரர்கள் மின்னலை மொய்த்தார்கள். "உங்க பேரு பறந்துடுச்சே, நீங்களும் பறக்கறீங்களா?" அவர் முகம் சிவந்து, "ஒட்டினவங்களைப் போய்க் கேளுங்க" என்று கத்தினார். கேட்டார்கள்.

"நான் ஒழுங்காத்தாங்க ஒட்டினேன்," என்றாள் பிசினக்கா. "இருக்க மனசில்லாத பேருல பசை பிடிக்காதுங்க."

அன்று மாலையே எதிரணி, வேறு வழியில்லாமல், மின்னல் தங்களிடம் வருவதை அறிவித்தது. நாத்தனார் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன், நீங்க ஊருக்கே ஒலிபெருக்கி வெச்சுட்டீங்களே அண்ணி" என்று குறைப்பட்டாள். ஆனால் அவள்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சிவப்பு உடுப்பும் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது வாரம் தானாகவே வந்து, பறந்த கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அலுவலகத் தொலைபேசி அந்த வாரம் முழுவதும் ஓயவில்லை. பாதிப் பேர் நிஜமாகவே வீடு தேடுகிறவர்கள். மீதிப் பேரில் மூட்டைப்பூச்சி மருந்துக் கம்பெனி ஒன்று முழுக் காரையும் எடுத்துக்கொண்டது. முதலாளி முதலில் முகத்தைச் சுளித்தார்; ஒப்பந்தத்தைப் படித்த பின் சுளித்த முகம் சரியாகிவிட்டது. பிசினக்கா காரின் முன்மூடியில் பெரிய மூட்டைப்பூச்சி ஒன்றை ஒட்டினாள், கால் ஆறும் தனித்தனியாக. புது ஓட்டுநர் அடுத்த வருஷம் இரண்டு முறை வெற்றி மேடை ஏறினாள். இரண்டு முறையும் மின்னல் அவளுக்குப் பின்னால்தான் வந்தார்.

அந்த வருஷக் கடைசியில் எதிரணியிலிருந்து பிசினக்காவையே வேலைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதம் வந்தது. அவள் அங்கே போக நினைக்கவே இல்லை. இருந்தாலும் பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஒரு வாரம் யோசிக்கணும்" என்றாள். அந்த ஒரு வாரமும் முதலாளி தினமும் பட்டறைக்கு வந்து, டீ சூடாக இருக்கிறதா, நாற்காலி வசதியாக இருக்கிறதா என்று விசாரித்தார். ஏழாம் நாள் அவரே வாய்விட்டுக் கேட்டார்.

"என்னம்மா முடிவு பண்ணின?"

பிசினக்கா பிளேடை வாயில் கவ்விக்கொண்டு, "ம்ம்" என்றாள்.