சமையலறைச் சுவரில் ஒரு துளை

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில், கூரைக்கு ஒரு சாண் கீழே, ஒரு துளை இருந்தது. அதை அடைத்தவள் நான். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பைப் கேஸ் எங்கள் லைனுக்கு வந்தபோது போட்ட துளை அது. கோலார் தங்கச் சுரங்கக் காலத்து லைன் வீடுகள்; சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் இரண்டே அறை. எங்கள் வீட்டில் அப்பாவும் நானும்தான். அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பைப் பொருத்த வந்தவர் நடுவயதுக்காரர். அடுப்பை மாட்டி, வால்வைத் திறந்து மூடிக் காட்டினார். பிறகு ஏணியில் ஏறி அந்தத் துளையைப் போட்டார். "முச்சபேடி" என்று கன்னடத்தில் சொன்னவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலும் சொன்னார்.

"இத மூடாதீங்க மேடம். இந்த கேஸ் லேசானது, மேலதான் ஏறும். லீக் ஆச்சுன்னா இது வழியா வெளிய போவும். வாசனை வந்தா சுவிட்ச தொடாதீங்க, நெருப்பு பத்த வைக்காதீங்க. வால்வ மூடிட்டு, கதவ தொறந்து போட்டுட்டு வெளிய வந்துடுங்க."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா சிரித்தார். "இன்னா சார், முப்பது வருஷம் அண்டர்கிரவுண்டுல இருந்தவன் நான். காத்த பத்தி எனக்கே சொல்றீங்களா?"

அவரும் சிரித்தபடி கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பாவுக்கு வாசனையே தெரியாது என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். பாறையில் டிரில் பிடித்த காலத்திலேயே அந்தத் தூசு அவர் மூக்கைத் தின்றுவிட்டது. பக்கத்தில் கருவாடு தீய்ந்தால்கூடத் தெரியாது. வீட்டில் பழகிப்போன சங்கதி என்பதால் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

காற்றைப் பற்றி அப்பா பீற்றிக்கொண்டது வெறும் வாய்ச்சவடால் இல்லை. சுரங்கத்தில் ரொம்ப நாள் ஆள் போகாத லெவலுக்குள், அதாவது சுரங்கப்பாதைக்குள், நுழையும்போது, மெழுகுவத்தியைத் தரையோரமாக நீட்டிப் பார்ப்பார்களாம். சுடர் நிமிர்ந்து நின்றால் உள்ளே போகலாம். மங்கி அணைந்தால் கெட்ட காற்று, ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. பைப் வருவதற்கு முந்தின வருஷம் எங்கள் தெருக்கோடிக் கிணற்றில் தூர் வார இரண்டு பேர் இறங்கப் போனார்கள். அப்பா ஓடிப்போய்த் தடுத்து, மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார். பாதி ஆழத்திலேயே அணைந்துவிட்டது. அன்றிலிருந்து லைனில் அவருக்குத் தனி மரியாதை.

ஆடி பிறந்தது. காற்றும் பிறந்தது. தங்கம் பிரித்தெடுத்த மண்ணை மலைமலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அந்தச் சயனைடு மேடு எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான். காற்றுக் காலத்தில் அதன் தூசு வீடு பூராவும் வரும். சன்னல் இடுக்கையெல்லாம் துணி திணித்து அடைத்துத்தான் எங்கள் லைனில் எல்லோரும் குடித்தனம் நடத்துகிறோம். அந்த வருஷம் எல்லாச் சன்னலையும் அடைத்தும், புதுத் துளை வழியாகச் சனியன் பிடித்த தூசு நேராகச் சோற்றில் வந்து விழுந்தது. மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் ஸ்டூலில் ஏறி, அம்மாவின் பழைய புடவையைக் கிழித்துத் துளைக்குள் இறுக்கித் திணித்தேன்.

"ஏம்மா, அந்தாளு வாணாம்னு சொன்னாரே" என்றார் அப்பா.

"அந்தாளா வந்து சோத்துல மண்ணு பொறுக்கப் போறாரு? சும்மா இருப்பா."

சும்மா இருந்துவிட்டார். எனக்கு எப்போதும் வாய் நீளம்.

அதற்கு அடுத்த வாரம் அது நடந்தது. நான் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தேன். அப்பா அடுப்பில் பால் வைத்துவிட்டு, குழாயடியில் யாரோடோ பேசப் போயிருக்கிறார். பால் பொங்கி வழிந்து சுடர் அணைந்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அவர் திரும்பி வரும்போது, பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வாசலில் நின்றிருந்தார். மீதியை அவர்தான் எனக்குச் சொன்னார்.

"பெரியப்பா, இன்னா இது, அழுகுன முட்ட மாதிரி நாத்தம் அடிக்குது. அடுப்ப பாருங்க!"

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியல. இரும்மா, காத்து எப்படி கீதுன்னு பாத்துடறேன்."

அக்கா வேண்டாம் என்று கத்துவதற்குள் தீப்பெட்டியை எடுத்துவிட்டார். சமையலறை வாசலில் குந்தி உட்கார்ந்து, குச்சியைக் கிழித்துத் தரையோரமாக நீட்டினார். சுடர் ஆடாமல் நிமிர்ந்து நின்றது.

"தோ பாரு, காத்து நல்லாத்தான் கீது."

சொல்லிவிட்டு, முழங்காலில் ஒரு கையை ஊன்றி எழுந்தார். இன்னொரு கையில் குச்சி எரிந்துகொண்டிருந்தது. அவர் பார்த்துப் பழகிய கெட்ட காற்று தரையில் படுக்கும். இது கூரையில் தங்கியிருந்தது.

ஐயோ, அந்தத் துணி மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால்! நூறு தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். கொஞ்சமாவது வெளியே போயிருக்கும், முகம் கருகுவதோடு தப்பித்திருப்பார். இல்லை, அப்போதும் வெடித்திருக்குமோ என்னவோ. எனக்குச் சமாதானம் சொல்ல ஆள் இல்லை. கேட்கவும் பயம்.

கோலார் ஆஸ்பத்திரியில் முகம், மார்பு, இரண்டு கை எல்லாவற்றுக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை போலீஸ்காரர் ஒருவர் கட்டில் பக்கத்தில் நின்று விசாரித்தார். வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நான் கால்மாட்டில் நின்றேன்.

"மேல இருந்த ஓட்டைய அடைச்சது யாரு?"

அப்பா கட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். பிறகு போலீஸ்காரரைப் பார்த்தார்.

"நான்தான் சார். தூசி வருதேன்னு புடவத் துணிய வெச்சேன். பொண்ணு வாணாம்னுதான் சொல்லுச்சு. நான் கேக்கல."

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்தும் காட்டினார். ஊருக்கே பதில் பேசுகிற வாய் அன்றைக்கு மூடியே இருந்தது. மூன்றாம் நாள் அப்பா செத்துப்போனார். பெரியவரே வினையைத் தேடிக்கொண்டார் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அதற்கும் தலையாட்டினேன்.

போலீஸ்காரர் அன்று எழுதிய அந்தக் காகிதத்தில் அப்பாவால் கைரேகை வைக்க முடியவில்லை, விரலெல்லாம் கட்டு. "நீங்க பொண்ணுதானே, படிச்சுக் காட்டினதுக்குச் சாட்சியா நீங்க கையெழுத்து போடுங்க" என்று போலீஸ்காரர் பேனாவை நீட்டினார். வாங்கிப் போட்டேன்.