சிவகாசி தீக்காய வார்டில் ஒரு காலை

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சிவகாசிக்குப் போகிறவர்கள் பட்டாசு வாங்கப் போவார்கள். நான் போனது தங்கை முத்துலட்சுமியின் கையைப் பார்க்க. பக்கத்து எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். "சோறு வடிக்கையில கஞ்சி கொட்டிருச்சுக்கா. வலது கை. சிவகாசி பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காக" என்று போனில் சொன்னாள். விரல் மடங்குகிறதா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள். அந்தக் கையை நம்பித்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. அன்றிரவே கோவையில் ரயில் ஏறினேன்.

விருதுநகரில் இறங்கியபோது விடியவில்லை. பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். பேரம் பேசத் தெம்பில்லை. அங்கிருந்து சிவகாசி இருபத்தைந்து சொச்சம் கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. போன பொங்கலுக்கு அவளுக்குக் கரண்ட் குக்கர் வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதில் எங்கே கஞ்சி வடிக்கிறாள்? முதலில் கோபம் வந்தது. கம்பெனியில்தான் ஏதோ கெமிக்கல் பட்டிருக்கும் என்று தோன்றியதும் பயம் வந்தது. டாக்டரிடமும் இதையேதான் சொல்லியிருப்பாள். கெமிக்கல் பட்ட கைக்குக் கஞ்சி கொட்டிய வைத்தியம் பார்த்தால் என்ன ஆகும்?

வார்டில் நுழைந்ததும் கேட்டுவிட்டேன். "கம்பெனின்னு சொன்னா போலீசு வரும், சீல் வச்சுருவாக. சீசன்ல அம்புட்டுப் பேரும் வேலைக்கு எங்க போவாகக்கா?" என்றாள்.

கம்பெனிப் பதிவில் அவள் பெயரே இல்லையாம். என்றைக்கோ அரசாங்கத்தில் யாரோ தொழிலாளர் வைத்தியத்தைச் சம்பளப் பதிவோடு முடிச்சுப் போட்டார்கள். பதிவில் பெயர் இல்லாதவருக்குத் தொழிலாளர் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) மருத்துவமனை இல்லை. விபத்தென்றால் போலீசுக்குத் தகவல் என்ற விதியும் நல்லெண்ணத்தில் வந்ததுதான். இரண்டும் சேர்ந்து இந்தக் கஞ்சிக் கதையைக் காய்ச்சியிருக்கின்றன. நல்லவேளை, பதிவு கேட்காமல் சேர்த்துக்கொள்ள இந்த ஊரிலேயே ஒரு தீக்காய வார்டு வேண்டும் என்றும் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

நர்சிடம் ஓடி உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"பதறாதீக. இந்த ஊருல எங்கன கஞ்சி வடிச்சாலும் நம்ம வார்டுலதான் வந்து கொட்டுது. யாரு என்ன சொன்னாலும் கெமிக்கல்னு நெனச்சுத்தான் மொதல்ல கழுவுவோம். எனக்கு முந்தி இருந்தவுக பழக்கிவிட்டது. விரலு தப்பிச்சிருச்சு."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

நர்ஸ் என் தங்கை பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. எல்லாரும் கஞ்சின்னே சொன்னா, பட்டாசுக் காயமே இல்லையே, தனி வார்டு எதுக்குன்னு நாளைக்கு மேல இருக்கிறவுக கேப்பாகல்ல?"

முத்துலட்சுமி தன் கையைக் குனிந்து பார்த்தாள். டாக்டர் வந்து விரலை மடக்கச் சொன்னார். மெதுவாக மடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே, "கம்பெனியிலதான் சார். எங்கூட இன்னொரு அக்காவுக்கும் பட்டுச்சு. இட்லி மாவைத் தடவிக்கிட்டு வீட்டுல கெடக்காக" என்றாள்.

உடனே ஆம்புலன்ஸ் கிளம்பியது.

போகிறவர்களுக்கு: சீசனில் சிவகாசியில் தங்க அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, விருதுநகரில் தங்குங்கள். பேருந்து அடிக்கடி உண்டு. பட்டாசு ஆலைகள் பக்கம் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். உடம்பில் கெமிக்கல் பட்டால் இட்லி மாவும் பேனா மையும் தடவ வேண்டாம், நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எப்படிப் பட்டது என்பதை மறைக்காதீர்கள்.

மதியத்துக்குள் அந்த அக்காவை அழைத்து வந்துவிட்டார்கள். வாசலிலேயே, "கஞ்சி..." என்று ஆரம்பித்தார். நர்ஸ் ஒன்றும் கேட்கவில்லை. குழாயைத் திறந்தார்.