பறியைக் கவ்வும் பல்

ஏரியைப் பார்க்கக் காலை ஏழு மணிக்குப் பொன்னேரியில் பஸ் ஏறினேன். பழவேற்காட்டுக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும். ஏரிக்கரையில் காற்றே இல்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அந்த வெளுப்புக்குள் கழுத்தளவு நீரில் குந்தியபடி பெண்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கைகளும் அடிச்சேற்றில் இறாலைத் துழாவ, பிடித்ததைப் போடும் ஓலைப்பறியின் விளிம்பைப் பல்லால் கவ்வியிருந்தார்கள். தின்னவும் வம்பு பேசவும் மட்டுமே வாயைப் பயன்படுத்தும் எனக்கு அது கனவுபோல் இருந்தது.

அவர்களில் ஒருத்தியான ரமணி மட்டும் கரையில் வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தாள். முன்பல் ஈறு வீங்கியிருந்தது. அவள் கணவர் ஏழுமலை சோற்றுக்கற்றாழை மடலைச் சீவி, மஞ்சள் பால் போகக் கழுவி, சோற்றை வழித்துக் கொடுத்தார். என் வீட்டு மாடியில் வளர்வதை நாங்கள் முகத்துக்குத்தான் பூசுவோம்.

"தடவு. எரிச்சல் அடங்கிடும்."

தடவியதும் அவள் முகம் தெளிந்தது. மனிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மீதியைப் பறியின் விளிம்பிலும் பூசினார்.

"இன்னாய்யா பண்றே?"

"நாள் பூரா வாயிலயே மருந்து இருக்கும்ல!"

ரமணி நீரில் இறங்கினாள். தூரத்துப் பூநாரைகள் நிற்கின்றனவா நகர்கின்றனவா என்று பார்த்தபடியே எனக்குக் கண் சொக்கியது. திடீரென்று சிரிப்புச் சத்தம். வழவழத்த பறி ரமணியின் பல்லிலிருந்து நழுவிக் கவிழ்ந்து, இறால் அத்தனையும் ஏரிக்கே திரும்பியிருந்தது. நானும் சிரித்தேன். கரையேறிய ரமணி அழுதுகொண்டிருந்தாள்.

"எறா போனா போவுதுக்கா. கவ்வும்போது பல்லு ஆடுது."

"டாக்டர்கிட்ட போகலாமே?"

"புடுங்கிடுவாருக்கா. அப்பறம் பறிய எதுல கவ்வறது?"

"நானும் வரேன், வா" என்றேன்.

பகல் பஸ்ஸில் மூவரும் பொன்னேரி வந்தோம். வழியெல்லாம் ரமணி நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுக்கொண்டே வந்தாள். பல் டாக்டர் ஈறோரம் கெட்டிப்பட்டிருந்த பற்காரையைச் சுரண்டி எடுத்தார்.

"பல்லை எடுக்க வேணாம், நிக்கும். கற்றாழை எரிச்சலைத்தான் தணிக்கும், காரையை எடுக்காது. கொஞ்ச நாளைக்கு எதையும் கவ்வாதீங்க."

ரமணி கணவரைப் பார்த்தாள்.

"பின்னாடியே நான் பறிய புடிச்சினு வரேன்" என்றார் ஏழுமலை.

"மொதல்ல அந்தக் கத்தாழக் கையக் கழுவினு வா" என்றாள் ரமணி.

சாயங்காலம் அவர்கள் பஸ் கிளம்பியது. மருந்துப் பையை ஏழுமலை பத்திரமாகப் பிடித்திருந்தார். ஜன்னலிலிருந்து ரமணி எனக்கு இரண்டு கைகளையும் ஆட்டினாள்.